கையில் ஒரு நாள்: பவானியா, திருச்செங்கோடா, காங்கேயமா?

கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கோவையில் இறங்கி நேரே ஊட்டிக்கு ஏறிவிடுகிறார்கள். மீதிப்பேர் பழனிக்குப் போகிற வழியில் காங்கேயத்தையும் தாராபுரத்தையும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நடுவில் இருக்கிற பழைய ஊர்கள் யார் கணக்கிலும் வருவதில்லை. ஈரோட்டுப் பக்கத்துக்காரனான எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். அதனால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், யாராவது வந்து, "ஒரு நாள் லீவு இருக்குதுங்க, பக்கத்துல எங்க போலாம்?" என்று கேட்டால் மூன்று ஊர்களைச் சொல்வேன்: பவானி, திருச்செங்கோடு, காங்கேயம். மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களைத் தடுத்தும் விடுவேன். அப்படிப் போனால் வண்டியில் உட்கார்ந்திருந்ததுதான் நினைவில் நிற்கும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல், மதியம். பெரும்பாலான கோயில்கள் உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடும். மறுபடி திறக்கச் சாயங்காலம் நாலு மணி ஆகிவிடும். காலையில் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். கோபுரத்தில் வெயில் விழும், பூக்கடைகள் திறந்திருக்கும், டீ சூடாகக் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அந்த ஊர் நமக்கு என்ன தரும்? அதைப் பொறுத்துத்தான் அந்த நாள் நிறைவதும் வீணாவதும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கொங்கு வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அவிநாசியையும் கொடுமுடியையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். இரண்டும் பாடல் பெற்ற தலங்கள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டதாகச் சொல்லப்படுவது அவிநாசியில். கே.பி.சுந்தராம்பாள் பிறந்தது கொடுமுடியில். ஆனால் இரண்டுமே கோயிலைப் பார்த்து, குளக்கரையிலோ ஆற்றங்கரையிலோ கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் முடிந்துவிடுகிற அரை நாள் ஊர்கள். வேறெங்காவது போகிற வழியில் இறங்கிப் பார்ப்பதே போதும். பேரூர் இன்றைக்குக் கோவையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கனகசபைச் சிற்பங்களுக்காக அங்கே கட்டாயம் போக வேண்டும், ஆனால் அதைச் சிற்றூர்ப் பயணம் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் பவானி. ஈரோட்டிலிருந்து 15 கிலோமீட்டர், நகரப் பேருந்தே போகிறது. காவிரியும் பவானியும் கூடுகிற இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக நம்பிக்கை, அதனால் முக்கூடல். ஊர்க்காரர்கள் கூடுதுறை என்பார்கள். சம்பந்தர் பாடிய திருநணா இதுதான். சங்கமேஸ்வரரும் வேதநாயகி அம்மனும் இருக்கிற அதே மதிலுக்குள் ஆதிகேசவப் பெருமாளும் இருக்கிறார். ஒரே வளாகத்தில் சைவமும் வைணவமும் இப்படிச் சேர்ந்திருப்பது மூன்று ஊர்களில் பவானிக்கும் திருச்செங்கோட்டுக்கும் பொது. ஆனால் பவானியில் படி ஏற வேண்டியதில்லை. முழங்கால் வலிக்காரர்கள் உள்ள குடும்பத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வேதநாயகி அம்மன் சன்னிதியைப் பற்றி ஒரு கதை உண்டு, கேட்டுக்கொண்டு போனால் பார்ப்பதற்குச் சுவை கூடும். 1804ஆம் ஆண்டு, கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ என்ற வெள்ளைக்காரர் பவானியில் தங்கியிருந்தார். ஒரு நாள் இரவு மழை கொட்டுகிறது. சிறு பெண்குழந்தை ஒன்று வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போகிறது. அவர் வெளியே வந்ததும் அவர் படுத்திருந்த கட்டடம் இடிந்து விழுகிறது. வந்தது வேதநாயகிதான் என்று நம்பிய அவர், கோயிலுக்குள் தான் போகக் கூடாது என்பதால் வெளிச்சுவரில் துளைகள் போடச் செய்து, அதன் வழியாக அம்மனைப் பார்த்து வந்தாராம். இது மக்கள் சொல்லும் கதை. ஆனால் அவர் அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டில் கோயிலில் இன்றும் இருக்கிறது. ஆள வந்தவர் ஒருவர் ஆளப்பட்டவர்களின் சாமிக்குக் கொடுத்த பொருள் அது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

கூடுதுறையைப் பற்றி ஒன்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இது உல்லாசமாகக் குளிக்கிற படித்துறை மட்டுமல்ல. திதி கொடுக்கவும் அஸ்தி கரைக்கவும் சுற்று வட்டாரம் முழுக்க இங்கேதான் வருகிறது. அமாவாசை நாட்களில் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. ஆடிப் பெருக்கன்று கேட்கவே வேண்டாம். பக்கத்தில் யாரோ ஒருவர் அப்பாவுக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருக்கும்போது நாம் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருப்பது சரியில்லை. ஆற்றை நிம்மதியாகப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண வாரநாளில், விடிந்த கையோடு போங்கள். மேட்டூரிலிருந்து வருகிற காவிரி கதவணைகளால் நிறுத்தப்பட்டு அகலமாக, அசையாமல் கிடக்கும். நீலகிரிப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற பவானி வேகம் குறையாமல் அதில் வந்து சேரும். இரண்டு தண்ணீரின் நிறமும் வேறு வேறாக இருக்கிற நாட்களும் உண்டு. எதிர்க்கரையில் குமாரபாளையம், அது நாமக்கல் மாவட்டம்.

சரி, பவானியில் மதியத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் பவானி மற்ற ஊர்களை முந்துகிறது. நடை சாத்தியதும் நெசவுத் தெருக்களுக்குப் போங்கள். பவானி ஜமக்காளத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்தில், பஞ்சாயத்துக் கூட்டத்தில், இழவு வீட்டில் அதன் மேல் உட்காராத தமிழர் இருக்க மாட்டார்கள். ஆனால் அது நெய்யப்படுவதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கி, திருப்பித் தள்ளுவார்கள். இருவரின் கையும் காலும் ஒரே தாளத்தில் போகும். ஒருவர் தப்பினால் கோடு கோணும். வாசலில் நின்று, "பார்க்கலாமுங்களா?" என்று கேட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். கேட்காமல் நுழையாதீர்கள், அது அவர்களுடைய வீடு.

ஜமக்காளத்தில் இரண்டு வகை. மோட்டா பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் ஓடுகிற சாதா ஜமக்காளம் ஒன்று. செயற்கைப் பட்டு நூலில், ஓரத்தில் பூவேலையோடு வருகிற மினுமினுப்பான வகை இன்னொன்று. வீட்டு உபயோகத்துக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன், தலைமுறை தாங்கும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று ஒதுக்கிய சட்டமும் 1985 முதல் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு "பவானி" என்ற பெயரிலேயே நாடு முழுக்க விற்கிறது. கைத்தறி கையில் எடுக்கும்போதே கனக்கும், இழை நெருக்கமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் கூட்டுறவு சங்கக் கடையில் வாங்குங்கள். நெய்கிறவர்களின் பிள்ளைகள் இந்தக் குழிக்குள் இறங்க மாட்டேன் என்கிறார்கள். அந்தக் கூலிக்கு ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அதனால் இங்கே வந்து பேரம் பேசாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மதியத்தின் மீதி நேரத்துக்குக் காலிங்கராயன் இருக்கிறார். பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அதன் குறுக்கே 13ஆம் நூற்றாண்டில் அவர் கட்டிய அணை. அங்கிருந்து கிளம்புகிற வாய்க்கால் ஈரோட்டின் ஓரமாக, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடிக் கொடுமுடிப் பக்கம் முடிகிறது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டினார் என்பது கதை. தண்ணீர் வேகம் கெடாமல், கூடுதல் நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகத்தான் அந்த வளைவு என்று வாய்க்கால் பாசனக்காரர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் 15 ஆயிரம் ஏக்கருக்கு மேல் இதில் பாய்கிறது. ஈரோடு மஞ்சள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியதில் இந்த வாய்க்காலுக்குப் பெரிய பங்கு உண்டு. தை 5ஆம் தேதி விவசாயிகள் காலிங்கராயன் தினம் கொண்டாடுகிறார்கள். அரண்மனையும் கோட்டையும்தான் வரலாறு என்று நினைக்கிற பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வேலை இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்டுங்கள். கோட்டையைவிட இது பெரிது என்பது என் கட்சி.

அப்புறம் திருச்செங்கோடு. ஈரோட்டிலிருந்து காவிரியைத் தாண்டிப் பள்ளிபாளையம் வழியாக 20 கிலோமீட்டர் சொச்சம். தூரத்திலேயே செந்நிற மலை தெரிந்துவிடும். தேவாரத்தில் இதன் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். இங்கே தங்கியிருந்தபோது பனிக்காலத்தில் அடியார்களை விஷக் காய்ச்சல் பிடிக்க, சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது வரலாறு. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையில் முருகன் இருக்கும் இடங்களில் ஒன்றாகச் செங்கோடு வருகிறது. ஊர் அவ்வளவு பழசு.

மேலே அர்த்தநாரீஸ்வரர். பாதி வேட்டி, பாதி சேலை என்று அலங்காரம் செய்த அந்த மூலவரைப் போல வேறெங்கும் பார்த்ததில்லை. மலைக்கு வண்டிப் பாதை உண்டு. ஆனால் தெம்பு இருப்பவர்கள் படி வழியாகவே ஏற வேண்டும். ஆயிரத்து இருநூறுக்கு மேல் படிகள், வழிநெடுகப் பழைய மண்டபங்கள். அறுபது அடி நீளத்துக்குப் பாறையில் செதுக்கிய நாகம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. மஞ்சளும் குங்குமமும் அப்பி, படம் எடுத்துக் கிடக்கும். காரில் மேலே போய் இறங்குகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். அறுபதாம் படி என்று ஓர் இடம் உண்டு. அந்தக் காலத்தில் வழக்குத் தீராதவர்கள் இங்கே வந்து சத்தியம் செய்வார்களாம். செங்கோட்டு வேலவர் மண்டபத்தில் குதிரை வீரர்களும் யாளிகளும் தூணுக்குத் தூண் வேறுபடும். சிற்பம் பிடித்தவர்கள் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிடுவார்கள்.

ஆனால் மதியம் என்று வந்தால் திருச்செங்கோடு கடினம். பாறை முழுக்கக் காய்ந்துவிடும். செருப்பில்லாத காலுக்குப் பத்து மணிக்கு மேல் படி தாங்காது. இங்கே வருவதானால் ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். இறங்கிய பிறகு ஊருக்குள் நேரம் போக்க அதிகம் இல்லை. ரிக் வண்டிப் பட்டறைகளைப் பார்க்கலாம். இந்தியாவில் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் அந்த வண்டி திருச்செங்கோட்டு வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். வானம் பார்த்த பூமியில் தண்ணீருக்குத் தவித்த ஊர், பூமியைத் துளைப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. பெரியவர்களுக்கு இதில் ஆர்வம் குறைவு. பையன்கள் பட்டறை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

ஊருக்கு வெளியே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கிறது. கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று அவர் நடத்திய வேலைகளுக்கு இதுதான் மையம். 1937இல் முதலமைச்சரானதும் அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்த ஆசிரமம் அன்று இருந்த சேலம் மாவட்டத்தில்தான். அமைதியான இடம், மரநிழல் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே பார்க்க இல்லை. மிச்ச நேரத்தைச் சங்ககிரிக் கோட்டைக்குக் கொடுக்கலாம். தீரன் சின்னமலையை வெள்ளையர் 1805இல் தூக்கிலிட்ட கோட்டை அது. வாசலுக்கு மேல் வாசலாக மலை முழுக்க ஏறிப் போகிறது. ஏறி இறங்க அரை நாள் வேண்டும், தண்ணீர் கையில் கொண்டுபோக வேண்டும். காலையில் செங்கோட்டுப் படி, சாயங்காலம் சங்ககிரி என்று திட்டம் போடுகிறவர்கள் இருபத்தைந்து வயதுக்காரர்களாக இருந்தால் போங்கள். மற்றவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் ஏற முடியும்.

மூன்றாவது காங்கேயம். இதை ஊர் என்று பார்க்கப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பேருந்து நிலையம், கடைவீதி, அரிசி ஆலைகள், தேங்காய்ப் பருப்பு காயப் போட்ட களங்கள், எண்ணெய் ஆலைகள். காற்றிலேயே கொப்பரை வாசம். பெரிய கோபுரமோ ஆறோ கிடையாது. காங்கேயத்தைக் காங்கேய நாடாகப் பார்க்க வேண்டும், அதாவது சுற்றிலும் இருபது முப்பது கிலோமீட்டர் வட்டத்தை. அதற்குச் சொந்த வண்டி இல்லாமல் முடியாது. மூன்றில் செலவு கூடுதலானதும், மெனக்கெட வேண்டியதும் இதுதான். என் மனசு சாய்வதும் இதன் பக்கம்தான்.

ஈரோட்டிலிருந்து அறச்சலூர் வழியாக வந்தால் வழியிலேயே தொடங்கிவிடும். அறச்சலூருக்குப் பக்கத்தில் நாகமலைக் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி: "த தை தா தை த" என்று தொடங்கும். இடமிருந்து வலமாகப் படித்தாலும், வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் அதேதான் வரும். ஆட்டத்துக்கான தாளக்கட்டு என்றும் இசைக்கான எழுத்து என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். எழுத்தைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்திலேயே பெயரும் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் காசும் மணியும் சோதிப்பவன். கிட்டத்தட்ட ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்னால் இந்த வறண்ட மேட்டில் மணி சோதிக்கிற ஒருவன், தாளத்தைக் கல்லில் எழுதி வைத்துவிட்டுத் தன் பெயரையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இதைப் பார்க்காமல் ஊட்டிக்குப் போகிறார்களே என்று எனக்கு ஆறாது.

அதே வழியில் ஓடாநிலை. சின்னமலை கோட்டை கட்டிப் போர் நடத்திய ஊர். கோட்டையை வெள்ளையர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இப்போது இருப்பது நினைவு மண்டபம். அவர் பிறந்த மேலப்பாளையமும் காங்கேயத்துப் பக்கம்தான். சங்ககிரியில் தொடங்கினால் முடிவைத்தான் பார்ப்பீர்கள், இங்கே வந்தால் அவர் எந்த மண்ணிலிருந்து கிளம்பினார் என்பது தெரியும்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடிய ஊர். மணிகளை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், பெயர் கீறிய பானை ஓடுகள் என்று அகழாய்வில் கிடைத்தவை நிறைய. பச்சை நிறப் பெரில் கல் கிடைத்த படியூர் காங்கேயத்துக்குப் பக்கத்தில்தான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அகழாய்வு நடக்காத நாளில் கொடுமணலுக்குப் போனால் கண்ணுக்குத் தெரிவது காடும், நட்டு வைத்த பெருங்கற்களும்தான். முன்னமே படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது போதும், மற்றவர்கள் "இதுக்கா வந்தோம்?" என்பார்கள். நொய்யலையும் அந்த நிலையில் பார்க்க மனம் தாங்க வேண்டும். ரோமாபுரி வரை மணி அனுப்பிய ஆற்றங்கரை அது. திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து தேங்கி, ஒரத்துப்பாளையம் அணையே பாழாகி, பக்கத்து நிலமும் கிணறும் கெட்டன. அதையும் பார்த்துவிட்டு வருவதுதான் நியாயம்.

மாடு. இதைச் சொல்லாமல் காங்கேயம் இல்லை. கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், ஆறு மாதம் ஆகும்போது வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் பின்புறமும் கறுக்கும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்துக்கு ஒரு பெயர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொறுக்கி எடுத்து வளர்த்த இனம். வண்டிக்கும் ஏருக்கும் ஏற்றத்துக்கும் இதற்கு ஈடு இல்லை என்று இருந்தது. டிராக்டரும் மோட்டாரும் வந்த பிறகு எண்ணிக்கை சரசரவென்று இறங்கிவிட்டது. பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காங்கேய மாடுகளுக்கென்றே தாவணி, அதாவது மாட்டுச் சந்தை, கூடுகிறது. வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும் போகலாம். பல்லைப் பார்ப்பதும், சுழி பார்ப்பதும், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதுமாக ஒரு காலைப்பொழுது போவதே தெரியாது. பிள்ளைகளை முன்னால் விடாதீர்கள், காளைகள் மிரண்டால் பிடிக்க முடியாது.

அந்த மாட்டை உண்டாக்கியது கொறங்காடு. சாலை ஓரத்தில் முள்கிளுவை வேலிக்குள் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமுமாகக் கிடக்கிற காட்டைத் தரிசு என்று நினைத்துவிடாதீர்கள். அது தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் காத்த மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல் முளைத்து, மாடு ஒரு காட்டை மேய்ந்ததும் அதை அடைத்துவிட்டு அடுத்ததற்கு மாற்றுவார்கள். கொளுத்துகிற கோடையிலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். மதியத்தில் அந்த மரத்தடியில் பாயை விரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் காற்று வரும் பாருங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள், மோர் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவார். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்தால் பச்சையாக இருக்கும். பங்குனியில் வந்துவிட்டுக் காய்ந்து கிடக்கிறதே என்று சொல்லக் கூடாது.

சாயங்காலம் சிவன்மலை முருகன் கோயில். ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர், படியும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருளை வைக்கச் சொல்லி உத்தரவு வரும். கோயிலில் பூப்போட்டுப் பார்த்து, சரியென்றால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். மண்ணோ நெல்லோ சைக்கிளோ எதுவாகவும் இருக்கலாம். பெட்டியில் இருப்பது நாட்டில் ஏறும் அல்லது இறங்கும் என்று இந்தப் பக்கம் முழுக்க நம்பிக்கை. இப்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்று பால்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

சாப்பாட்டை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாமா? கறி சாப்பிடுகிறவர்களுக்குத் திருச்செங்கோட்டு வழிதான் முதலிடம், ஏனென்றால் பள்ளிபாளையம் நடுவில் இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கன் இன்றைக்குச் சென்னை வரை எல்லா ஓட்டலிலும் கிடைக்கிறது, ஆனால் மசாலாப் பொடியைக் கொட்டி வேறு எதையோ செய்து கொடுக்கிறார்கள். சரியான பக்குவத்தில் பொடி கிடையாது. விதை உதறிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். கோழி தன் தண்ணீரிலேயே வெந்து சுருள வேண்டும். காலையில் மலையேறி இறங்கிய பசிக்கு அதுவும் சோறும் ரசமும் போதும்.

பவானியில் அப்படிப் பெயர் சொல்கிற பண்டம் இல்லை. வாழையிலைச் சாப்பாடு நன்றாக இருக்கும், ஆற்று மீன் கிடைக்கும். பக்கத்துக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையை மறக்காதீர்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவது அந்தச் சர்க்கரைதான். காங்கேயத்துப் பக்கம் நெய்யும் மோரும் தேங்காய் எண்ணெயும். அரிசிம்பருப்பு சோற்றில் அந்த நெய்யை விட்டுச் சாப்பிட்டவர்கள் பிரியாணியைத் தேட மாட்டார்கள். ஊத்துக்குளி வெண்ணெயும் எட்டுகிற தூரம்தான்.

ஆனால் கொங்கு நாட்டின் நல்ல பண்டங்கள் கடையில் இல்லை, வீட்டில்தான் இருக்கின்றன. சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்), தேங்காய்ப்பால், ஒப்புட்டு, கச்சாயம், கொள்ளுப் பருப்பு கடைசல், செலவு ரசம். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சந்தகை பிழிந்தால் வீட்டுக்கு மாப்பிள்ளையோ ஒறம்பரையோ வந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். இப்போது சில மெஸ்களில் சந்தகை போடுகிறார்கள், சந்தோஷம். இருந்தாலும் இந்தப் பக்கம் சொந்தமோ நண்பரோ இருந்து சாப்பிடக் கூப்பிட்டால், "சிரமம் வேண்டாங்க" என்று மறுத்துவிடாதீர்கள்.

எனவே, வயதானவர்களும் குழந்தைகளும் கூட வருகிறார்கள், பேருந்தில்தான் போக வேண்டும் என்றால் பவானி. யோசிக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் ஆடி 18ம் தவிர எந்த நாளும் போகலாம். ஆடியிலேதான் போவேன் என்றால், குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி அந்தியூரில் குதிரைச் சந்தை கூடுகிற நாளாகப் பார்த்து, பவானியை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். படியேறத் தெம்பும், சீக்கிரம் எழுந்திருக்கிற பழக்கமும், சிற்பத்தில் ஆசையும் உள்ளவர்களுக்குத் திருச்செங்கோடு, அதுவும் கார்த்திகை முதல் மாசி வரை. இரண்டுமே முன்பு பார்த்தாகிவிட்டது, சொந்த வண்டி இருக்கிறது, வழியில் நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டு போகிற மனசு இருக்கிறது என்றால் காங்கேயம்.

முதல் தடவை வருகிறவர்களைக் காங்கேயத்துக்கு அனுப்ப மாட்டேன், எனக்கு எவ்வளவு பிடித்தாலும். அது பார்த்தவுடன் பிடிக்கிற ஊர் அல்ல.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் இந்த வரிசையில் வாருங்கள்: சனிக்கிழமை விடியற்காலை கூடுதுறை, மதியம் தறியும் காலிங்கராயன் அணையும், இரவு ஈரோட்டில் தங்கல். ஞாயிறு ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி நேரே பழையகோட்டைத் தாவணிக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அறச்சலூர்க் கல்வெட்டையும் ஓடாநிலையையும் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் போகாது.